அச்சு வீட்டு அண்ணாச்சி

செருப்பை வாசற்படிக்கு வெளியே கழற்றி, இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டி, மூக்கு தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்த பிறகுதான் தாணுமாலையன் உள்ளே கால் வைப்பார். வீட்டுக்கு இன்னும் கதவே வந்திருக்காது. தரையெல்லாம் சிமென்ட் தூளும் துண்டுக் கம்பியும் கிடக்கும். அதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. "வீடுன்னா லெச்சுமி. செருப்புக் காலோட லெச்சுமி மேல ஏறுவமா?" என்பார். வாங்க வந்தவர்களும் கழற்ற வேண்டும். கொத்தனாரும் சித்தாளும் கழற்ற வேண்டும். மறந்துபோய் யாராவது செருப்போடு நின்றால், "ஏலே, காலைப் பாரு" என்று ஒரே ஒரு சத்தம். ஆணி குத்தி ரத்தம் வந்தால் தானே உட்கார்ந்து துணி சுற்றிவிடுவார். அதற்காகச் செருப்பை அனுமதிக்க மாட்டார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மோதிர விரலில் பச்சைக்கல். காலில் மட்டும் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இவ்வளவு சம்பாதித்தும் இதென்ன அண்ணாச்சி என்று கேட்டால், "தோல் செருப்போட மனையில நிக்கப்படாதுல்லா" என்பார். கேட்டவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். அப்படி நெகிழ்ந்தவர்கள்தான் அவரிடம் வீடு வாங்கினார்கள்.

தச்சநல்லூரைத் தாண்டி வடக்கே போனால் சாலை ஓரத்தில் அவருடைய பட்டறை. அங்கே சுவர்கள் நிற்பதில்லை, படுத்திருக்கும். இரும்பு அச்சில் கம்பி பரப்பி, மின்சாரக் கம்பி போவதற்குக் குழாய் பதித்து, கலவையை ஊற்றி, மேலே சாக்கு போட்டு நனைத்து வைப்பார்கள். காய்ந்ததும் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய், சங்கிலிக் கப்பியால் தூக்கி, மனையில் நிறுத்தி, மூலைக்கு மூலை பூட்டிவிடுவார்கள். கூரையும் அப்படியே பலகை பலகையாக வந்து இறங்கும். அச்சு வெல்லம் மாதிரி இருப்பதால் ஊரில் அதற்கு அச்சு வீடு என்று பெயர். "தையில அச்சாரம், சித்திரையில பால் காய்ச்சு" என்பார் தாணுமாலையன். சொன்ன தேதி தவறியதில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். திருநெல்வேலியில் வீடு கட்டி நொந்துபோன யாரைக் கேட்டாலும், தேதி தவறாதவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்பார்கள்.

அவருடைய இன்னொரு ஆயுதம் டேப். இடுப்பில் செருகியிருப்பார். வீடு பார்க்க வருகிறவர் வாய் திறப்பதற்குள் அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவார். "நான் சொன்னா நம்பாதிய. நீங்களே புடிங்க. உங்க கையால அளங்க." அவர் அளப்பார். ஹால் பதினாறுக்குப் பதினொன்று. படுக்கையறை பதினொன்றுக்குப் பத்து. அடுக்களை எட்டுக்குப் பத்து. எல்லாம் மனையடிக் கணக்கில் நல்ல அடிகள். ஒன்பது கிடையாது, பன்னிரண்டு கிடையாது, பதிமூன்று கிடையவே கிடையாது. அச்சையே அந்த அளவில்தான் செய்து வைத்திருக்கிறார். எத்தனை வீடு வார்த்தாலும் ஒரு விரல் கூடாது, குறையாது. தன் கையால் அளந்து, தன் வாயால் பதினாறு என்று சொன்ன மனிதனுக்கு அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இருப்பதில்லை. கூரையில் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்தீர்களா, சுவரும் சுவரும் சேரும் மூலையில் என்ன அடைத்தீர்கள், கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம், குழாய்க்குள் எத்தனை வயர் போகிறது? யாரும் கேட்டதில்லை. குறை கேட்டால் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு எண்ணம் வேறு. பால் காய்ச்சப்போகிற வீட்டில் போய் ஓட்டை இருக்கிறதா என்று விசாரிப்பார்களா?

ஐயம்பெருமாளும் கேட்கவில்லை. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டவுணில் வாடகைக்கு இருந்தே காலத்தைக் கழித்தவர். டேப்பை அவரே பிடித்தார். அறை அறையாக அளந்தார். இரண்டாம் முறையும் அளந்தார். ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்தினார். வடகிழக்கு மூலையில், மின்சார மீட்டருக்குக் கீழே, ஆட்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன குழி?"

"எர்த் குழி அண்ணாச்சி," என்றார் தாணுமாலையன். "கரியும் உப்பும் போட்டு, குழாயை எறக்கி மூடிருவோம்."

"ஈசானிய மூலையிலயா? கரியவா?"

"ஆவாதோ?"

"என்னவே கேக்கீரு? ஈசானியத்துல கரியைப் பொதைக்கவா நான் வீடு வாங்குதேன்?"

தாணுமாலையன் அந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். ஆட்களைக் கூப்பிட்டுக் குழியை மூடச் சொன்னார். "நல்லவேளை சொன்னிய. வேற எடத்துல போட்டுருதேன்." ஐயம்பெருமாள் அன்று இரவு மகளுக்குத் தொலைபேசியில் இதைப் பெருமையாகச் சொன்னார். வேறு இடம் எது என்று அவர் கேட்கவில்லை. தாணுமாலையனும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வார்த்த வீடுகளில் யாரும் கேட்காமலேயே ஈசானிய மூலை சுத்தமாக இருந்தது. ஒரு வீட்டுக்காரரின் நம்பிக்கை எல்லா வீட்டுக்கும் சிக்கனமாகிவிட்டது.

அந்தக் குழி எதற்கு என்று இரண்டு வரியில் சொல்லலாம். மோட்டார், கிரைண்டர், குளிர்பெட்டி எல்லாம் இரும்பு உடம்பு. உள்ளே எங்காவது கசிந்து அந்த உடம்பில் மின்சாரம் ஏறினால், அது மண்ணுக்குள் போக ஒரு வழி வேண்டும். வழி இல்லையென்றால், தொடுகிறவனின் உடம்பு வழியாகப் போகும்.

ஐப்பசியில் நல்ல காற்று மழை. விடியற்காலையில் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. தெருவில் கம்பத்து இணைப்பில் ஒரு கம்பி விட்டிருந்தது. மின்சாரம் போய்விட்டது என்றுதான் ஐயம்பெருமாள் நினைத்தார். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். வந்ததும் மோட்டார் தானாக ஓட வேண்டாமே என்று பின்பக்கம் போனார். தரை நனைந்து கிடந்தது. அந்த வீட்டுக்குள் அவர் ஒருநாளும் செருப்பு போட்டதில்லை. மோட்டாரின் இரும்புப் பெட்டியில் கை வைத்தார்.

அவருடைய ஒரே மகள் சித்ரலேகா. பாலிடெக்னிக்கில் மின்துறை ஆசிரியை. காரியம் முடிந்த மறுநாள் அந்த வீட்டின் சுவிட்சுப் பலகைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூன்று துளை உள்ள பிளக்கில் மேலே இருக்கும் பெரிய துளை எர்த்துக்கு. அதிலிருந்து ஒரு வயர் மண்ணுக்குப் போக வேண்டும். போகவில்லை. ஒரு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வயரைப் போட்டு, பக்கத்தில் இருக்கும் நியூட்ரலோடு, மின்சாரம் திரும்பிப் போகிற வயரோடு, முறுக்கி விட்டிருந்தார்கள். எல்லாப் பலகையிலும் அப்படியே. இப்படிச் செய்தால் சோதித்துப் பார்க்கிறவன் வைக்கும் விளக்கு நன்றாக எரியும், எர்த் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. அது எங்காவது விட்டுப்போனால், வீட்டில் உள்ள விளக்கெல்லாம் அணையும், அவற்றின் வழியாக வந்த மின்சாரத்தில் இரும்பெல்லாம் உயிர் பெறும்.

தாணுமாலையன் சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்தார். மாலை போட்டார். பாடைக்குத் தோள் கொடுத்தார். அழுதார். பொய் அழுகை இல்லை. அவர் அப்படிப்பட்ட ஆள்தான், பட்டறையில் யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஆட்டோ பிடித்துக்கொண்டு போய் நிற்பவர். பிறகு ஒருநாள் சித்ரலேகா அந்தத் துண்டு வயரைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு வயரைப் பத்தி என்ன தாயி தெரியும்? நான் சிமென்டு பாத்தவன். வயர்க்காரன் செஞ்ச சோலி. அவன் சவூதிக்குப் போயிட்டான். அண்ணாச்சி காலம் முடிஞ்சிட்டு. நாம என்ன செய்ய?"

அதற்குப் பிறகு, ஆறுதலாகவே, இதையும் சொன்னார். "ஈசானியத்தக் கூட சுத்தமா வச்சிருந்தோமே."

சித்ரலேகா அம்மாவை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனாள். புகார் கொடுத்தாள். விபத்து என்று எழுதி முடித்தார்கள். அவள் கேட்டது சின்னக் கேள்வி. இந்த மனிதருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதென்றால் மடையர். ஊர் முழுக்க மடையர்கள் வீடு கட்டுகிறார்கள், சட்டம் போட்டுத் திருத்தலாம். தெரியுமென்றால், தோள் கொடுத்துத் தூக்கிப்போனது யார்?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீடு காட்டும் இடத்துக்கு அவள் போகத் தொடங்கினாள். பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், ஹோல்டரில் மாட்டிய ஒரு பல்பு, இரண்டு முழ வயர். வாங்க வந்தவர்களிடம், குழி எங்கே என்று கேளுங்கள் என்பாள். அவர்கள் அவளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் அப்பனைப் பறிகொடுத்த பெண் வந்து நிற்கிறது. தாணுமாலையன் விரட்ட மாட்டார். "வா தாயி, வெயில்ல நிக்காத" என்று நிழலுக்குக் கூப்பிடுவார். வந்தவர்களிடம் குரலைத் தணித்து, "நம்ம அண்ணாச்சி மவ. துக்கம். பாவம்" என்பார். அந்தப் 'பாவம்' அவளுக்குக் காதில் விழும். விரட்டியிருந்தால் பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்க வந்தவர்கள் கூடங்குளத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஜேசுதாசன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். மகள் ஜெர்லினுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மறுநாள் காலை பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரிப்பதாக ஏற்பாடு. மனைவி அமலோற்பவம் செருப்பைக் கழற்றும்போதே, "கோயில்ல கூட இவ்வளவு கண்டிசன் இல்ல" என்றாள். தாணுமாலையன் சிரித்துக்கொண்டே டேப்பை நீட்டினார்.

"அத சுருட்டி வையும் அண்ணாச்சி. பதினாறோ பதினேழோ, கட்டில் போட எடமிருந்தா போதும். ஒரு வாளியும் தண்ணியும் தாரும்."

வாளித் தண்ணீரைக் குளியலறையில் கொட்டினாள். தண்ணீர் சாக்கடைத் துளையைப் பார்க்கவே இல்லை. நேராக வாசலைத் தாண்டி, பின்பக்க முற்றத்துக்குப் பரவி, மோட்டாரைச் சுற்றி நின்றது.

"தேய்க்கத் தேய்க்கச் சரியாயிரும்மா."

"எது தேயும்? தரையா, நானா?"

ஜேசுதாசன் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் அடுத்து மூலைக்குப் போனாள். இரண்டு சுவர் சேரும் இடத்தில் நகத்தால் கீறினாள். மணல் உதிர்ந்தது. "இது சிமென்டா, எங்க கடக்கரையா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைப் பக்கம் நடந்தாள். ஜன்னலுக்கு வெளியே சித்ரலேகா நின்றிருந்தாள்.

"ஏம்மா, நீ யாரு? வந்ததுலேருந்து பாக்கேன், அங்கனயே நிக்க?"

"எர்த் குழி எங்கன இருக்குன்னு கேளுங்கக்கா."

"அது என்ன குழி?"

சித்ரலேகா சொன்னாள். சுருக்கமாக. கடைசியில், "எங்கப்பா இதே மாதிரி அச்சு வீட்டுலதான் செத்தாங்க" என்றாள். அமலோற்பவத்தின் முகத்தில் சிரிப்பு போயிற்று. மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஜெர்லின் தனக்கென்று தேர்ந்தெடுத்த அறையில், மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்று கையால் அளந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, குழி எங்க?"

"ஈசானிய மூலையில கரியும் உப்பும் பொதைக்கலாமாம்மா? குடும்பத்துக்கு ஆவுமா?"

"எங்களுக்கு ஈசானியமும் கெடையாது, அக்கினியும் கெடையாது. எல்லா மூலையும் மாதாவுக்குத்தான். குழி எங்க?"

தாணுமாலையன் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ பேரிடம் செல்லுபடியான நோட்டை முதன்முதலாக ஒரு கடைக்காரி திருப்பிக் கொடுத்த மாதிரி நின்றார். "வேற எடத்துல இருக்கு" என்றார்.

"எந்த எடம்?"

"சுவத்துக்குள்ளால போவுது."

"குழி சுவத்துக்குள்ளயா போவும்? என்னவே அண்ணாச்சி!" என்றார் ஜேசுதாசன்.

"வெளக்கப் போட்டுப் பாத்துருவமே. எதுக்கு வாய்ப்பேச்சு? ஏ தாயி சித்ரா, நீதான் பல்பு வச்சிருக்கியே. வா, உள்ள வா. பைய, பைய. செருப்பு."

சித்ரலேகா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அந்த வீடுகளில் ஒன்றுக்குள் அவள் நுழைவது அப்பாவின் வீட்டைப் பூட்டிய பிறகு இதுதான் முதல் முறை. அதே ஹால். அதே ஜன்னல், அதே உயரத்தில். அப்பாவின் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் காலிப் பெயின்ட் டப்பா இருந்தது. அவள் பிளக்கின் முன் உட்கார்ந்து ஒரு வயரை மின்சாரம் வரும் துளையிலும் மற்றதைப் பெரிய துளையிலும் செருகினாள்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

"எரியுதுல்லா!" தாணுமாலையன் தொடையில் தட்டினார். "எர்த்து இல்லைன்னா எரியுமா? இப்ப என்ன சொல்லுதிய? படிச்ச புள்ள, கையால போட்டுக் காட்டுது." ஜேசுதாசன் மூச்சு விட்டார். சாவிக்காகக் கை நீட்டவும் செய்தார். அமலோற்பவம் மட்டும் சித்ரலேகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஏமாற்றம் இல்லை.

"எரியும்க்கா. எங்கப்பா வீட்லயும் எரிஞ்சுது."

அவள் எழுந்து ஹால் விளக்கின் சுவிட்சைப் போட்டாள். பிறகு மீட்டர் இருக்கும் மூலைக்குப் போய், மெயின் பெட்டியின் மூடியைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, நான் இதுல நியூட்ரல மட்டும் கழட்டப்போறேன். காத்துல கம்பி விட்டுப்போற மாதிரிதான். குழி இருந்தா ஒண்ணும் ஆவாது. நீங்க பின்னால போயி மோட்டார் மேல கைய வச்சு நில்லுங்க. அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"சும்மாதான். எர்த்து இருக்குல்லா? இப்பதானே எல்லாரும் பாத்தோம்."

பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. வாளித் தண்ணீர் மோட்டாரைச் சுற்றி அப்படியே நின்றது.

"நான் வைக்கேன், அதுக்கென்ன," என்று ஜேசுதாசன் ஓரடி எடுத்து வைத்தார். அமலோற்பவம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீரு நில்லும். வித்தவரு வைக்கட்டும்."

வயரைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் என்ன செய்வார்? பல்பு எரிந்ததைப் பார்த்தார். எர்த் இருக்கிறது என்று தன் வாயாலேயே சொன்னார். பத்தடி நடந்து ஒரு கையை வைத்தால் சாவி கைமாறிவிடும், துக்கம் பிடித்த பெண்ணும் இனி வந்து நிற்காது. சித்ரலேகா மெயின் பெட்டியைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள். ஒரு கணம், அவர் நேராக நடந்துபோய்க் கையை வைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. மடையராக இருந்துவிடட்டும். அப்படியானால் திருகாணியில் கையே வைக்காமல் மூடியைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

தாணுமாலையன் தன் பாதங்களைப் பார்த்தார். முற்றத்துத் தண்ணீரைப் பார்த்தார்.

"வைக்க மாட்டேன்னா சொன்னேன்? இந்தா வாரேன்," என்றார்.

மோட்டார் இருக்கும் பக்கம் போகவில்லை. ஹாலைக் கடந்து வாசலுக்கு நடந்தார். போய்விடுகிறார் என்று ஜேசுதாசன் நினைத்தார். அவர் போகவில்லை. வாசற்படிக்கு வெளியே, ஒட்டி வைத்திருந்த ரப்பர் செருப்பைக் கால் விரலால் பிரித்தார். ஒவ்வொன்றாக உள்ளே பார்க்கத் திருப்பினார். வலது காலை நுழைத்தார். இடது காலை நுழைத்தார். நீல வார் விரலிடுக்கில் நன்றாக இறங்கும்வரை இரண்டு காலையும் தரையில் அழுத்தினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு, படியைத் தாண்டி உள்ளே வந்தார்.